சத்தம் போட்ட வாழையிலை

போன வருஷம் ஆவணி மாதம், யாழ்ப்பாணம் கோப்பாயில், எங்கள் வீட்டு வாசல் கேற்றடியில் நடந்த சம்பவம் இது. அன்றைக்கு என் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் கார் ஒழுங்கைக்குள் திரும்பிவிட்டது. மேளச் சத்தம் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். நினைத்து முடிக்கும்போது கண்ணும் கலங்கும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் வாய்க்காரி. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று என் கணவர் சொல்வார். அதுவும் நான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொல்வார். அதோடு சகுனம் பார்க்கிற புத்தியும் உண்டு. பல்லி சொன்னால் நின்றுதான் போவேன். வெளிக்கிடும்போது யாராவது "எங்கை போறியள்?" என்று கேட்டுவிட்டால், திரும்பி வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் படியிறங்குவேன். இப்படிப்பட்ட ஒருத்திக்கு, பெற்ற பிள்ளையின் கலியாணம் ஒரு தடவை நின்று போனால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படித்தான் நின்று போனது. அது இந்த மாப்பிள்ளை இல்லை, அதற்கு முன்பு பேசிய இடம். மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, பலகாரம் சுட்டாயிற்று. தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளுக்கு முதல்நாள் அவர்கள் வீட்டில் ஒரு சாவு. சாவுத் துடக்குக் கழியட்டும் என்றார்கள். சரி என்று இருந்தோம். துடக்குக் கழிந்தது, பேச்சு மூச்சு இல்லை. கடைசியில் தரகர் மூலமாக ஒரு செய்தி வந்தது. பெண்ணை எடுக்க நினைத்ததற்கே ஒரு உயிர் போய்விட்டதாம், பிள்ளையின் ராசி சரியில்லையாம்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அந்தச் செய்தி வந்த மறுநாளும் சேலையைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அதன் பிறகு யாருடைய கலியாண வீட்டுக்கும் அவள் வரவில்லை. ஊரிலே யாராவது பெண்ணுக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகிறோம், நீயும் வா என்று கூப்பிட்டால், விடைத்தாள் திருத்தக் கிடக்கிறது என்பாள். வருஷம் முழுக்கவா விடைத்தாள் திருத்துவார்கள்? எனக்குத் தெரியும், தன் ராசி மற்றவர்களில் பட்டுவிடுமோ என்று அவளே பயந்துபோய் இருந்தாள். நான் சகுனம் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைதானே.

பிறகு கரவெட்டியிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது. பையன் நில அளவையாளர். தகப்பன் இல்லை, தாய்தான் வளர்த்து ஆளாக்கியவர். பழைய கதையெல்லாம் மறைக்காமல் சொன்னோம். "அதுக்கென்ன, சாவு ஆருக்கும் வாறதுதானே" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒருவர் சொன்னது எனக்கு நம்பமுடியாமல் இருந்தது. நாள் குறித்த பிறகு அவர் ஒருநாள் தொலைபேசியில் எடுத்துச் சொன்னார்: "தங்கச்சி, நான் கலியாணத்தண்டைக்குப் பின்னாலை வாற வான் வண்டியிலைதான் வருவன். எல்லாரும் உள்ளுக்குப் போனாப் பிறகு ஆறுதலா இறங்கிறன். முன்னுக்கு வந்து நிக்கமாட்டன், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." கணவனை இழந்தவர் மங்கல காரியத்தில் முன்னுக்கு வருவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் "ஓம் அக்கா" என்றேன். சொல்லப்போனால் மனதுக்குள் ஒரு நிம்மதிதான்.

மண்டபம் வேண்டவே வேண்டாம், வீட்டிலேயே பந்தல் போடுவோம் என்று மகள் சொன்னாள். அந்த மண்டபத்து வாசலை அவளுக்குத் திரும்பப் பார்க்க விருப்பமில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் வீட்டுக் கலியாணம் என்றால் கேற்றுக்கு இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்ட வேண்டும். ஆவணி மாதமோ சோளகக் காற்று அடித்து முடியாத மாதம். தோட்டத்து வாழையெல்லாம் இலை கிழிந்து நார் நாராகத் தொங்கிக்கொண்டு நிற்கும். நான் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோப்பாயில் இருக்கிற தோட்டமெல்லாம் ஏறி இறங்கினேன். கடைசியில் மதில் மறைவில் நின்ற இரண்டு கதலி வாழை அகப்பட்டன. தளதளவென்று இலை, நல்ல குலை. ஒன்றில் மட்டும் ஓர் இலையின் ஓரம் கிழிந்து, சுருட்டுப் போலச் சுருண்டு கிடந்தது.

தம்பி கத்தியை எடுத்தான், அந்தச் சுருளை வெட்டிவிட. நான் போட்ட கூச்சலில் தோட்டக்காரர் ஓடி வந்துவிட்டார். நின்று போன கலியாணத்துக்குக் கட்ட வைத்திருந்த வாழையில் இலை வெட்டியிருந்தது என்று யாரோ ஒரு பெண் பிறகு சொல்லியிருந்தாள். அது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. அதனால் இந்த முறை ஓர் இலையில்கூடக் கத்தி படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "சுருண்ட இலையோடை கட்டினால் வடிவில்லை அக்கா" என்றான் தம்பி. வடிவு பார்க்கவா கலியாணம் செய்கிறோம் என்று அவன் வாயை அடைத்தேன். சுருள் அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை என் கையாலேயே பத்திரமாகக் கூட்டி வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கலியாணத்தன்று காலை. கேற்றடியில் வெள்ளை மணல் பரப்பி, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்தாயிற்று. என் தம்பியின் மனைவி ஆலாத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், அதன் நடுவே வாழைப்பழத் துண்டுகளில் திரி கொளுத்தி வைத்த தட்டு. மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்புத் தண்ணீரோடு என் மகன் தோழனாக நின்றான். எல்லாம் சரி. அந்த நேரம் பார்த்து வீடியோ எடுக்க வந்த பையன், "அம்மா, அந்த இலையை மட்டும் விரிச்சு விடுங்கோ, படத்துக்கை அசிங்கமாக் கிடக்கு" என்றான்.

கத்தி படக்கூடாது, சரி. கையால் விரிக்கலாம் அல்லவா? கார் ஒழுங்கைக்குள் வந்துவிட்டது. நான் அவசரமாகப் போய் அந்தச் சுருளைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே இருந்து ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த வாகைக்காயைப் பிடித்துக் குலுக்கினால் வருமே, அப்படிச் சடசடவென்று. என் விரலுக்குள்ளேயே அதிர்ந்தது. இலைக்குள் உயிருள்ள எதுவோ இருக்கிறது.

"பாம்பு!" என்று நான் கத்தினேன். கத்தினதோடு நின்றேனா? பின்னால் துள்ளினேன். என் முழங்கை போய் ஆலாத்தித் தட்டில் இடித்தது. தட்டு கவிழ்ந்தது. திரி அணைந்தது. சிவப்புத் தண்ணீர் முழுவதும் வெள்ளை மணலில் கொட்டியது. நிறைகுடத்தில் இடிக்காமல் தப்பியது மட்டும் தெய்வச் செயல். செம்போடு நின்ற மகன் ஒரு பக்கம் ஓட, வீடியோப் பையன் மதிலில் ஏறிவிட்டான். மேளம் பாதியில் நின்றது. சரியாக அந்த நேரம் மாப்பிள்ளையின் கார் கேற்றுக்கு முன்னால் வந்து நின்று, கதவும் திறந்தது.

அந்தச் சிவப்புத் தண்ணீர் மணலில் ஊறுவதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசலிலே கொட்டின ஆலாத்தி! அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

காரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவருடைய மாமி இருந்தார், தகப்பனின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அவர்தான் முதலில் வாய் திறந்தார். "தம்பி, காலைக் கீழை வையாதை. வாசலிலையே விளக்கு நூந்து போச்சு. வாகனத்தைத் திருப்புங்கோ, வேறை நாள் பாப்பம்."

வேறு நாள். அந்த வார்த்தையை நாங்கள் முன்பும் கேட்டிருக்கிறோம். வேறு நாள் என்றால் எந்த நாளும் இல்லை. என் கணவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு காரடிக்குப் போனார். வாய்க்காரி என்று பேர் எடுத்த எனக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. திரும்பி வீட்டைப் பார்த்தேன். முன்னறை ஜன்னல் கம்பியை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரைக்கும் மருதாணி. முகம் தெரியவில்லை, அந்தக் கை மட்டும்தான். அந்தக் கை மெல்லக் கம்பியை விட்டு உள்ளே போனது. கடவுளே, என் கையாலேயே என் பிள்ளையின் வாழ்க்கையைத் தட்டிக் கொட்டிவிட்டேனே!

அப்போதுதான் பின்னால் நின்ற வானின் கதவு திறந்த சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் தாய் இறங்கினார். சாம்பல் நிறச் சேலை, வெறும் நெற்றி, மெலிந்த உடம்பு. ஒழுங்கை நிறையச் சனம் நின்றது, அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "என்ன தங்கச்சி, எங்கை பாம்பு?" என்றார். நான் வாழையைக் காட்டினேன். "சத்தம் எப்பிடி? சீறினதோ, குலுங்கினதோ?" என்று கேட்டார். குலுங்கினது என்று எப்படியோ சொன்னேன். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், சிரிப்பு!

வாழையடிக்குப் போய் அந்தச் சுருளை ஒரு விரலால் மெல்லத் தட்டினார். திரும்பவும் சடசட. நின்ற சனம் எல்லாம் இரண்டடி பின்வாங்கியது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. உது பாம்பில்லை. உது எங்கடை வீட்டுப் பிள்ளை."

சொல்லிக்கொண்டே சுருளைப் பிரித்தார். நான் இழுத்தது போல் இழுக்கவில்லை. தைத்த தையலைப் பிரிப்பது போல, மெல்ல மெல்ல. இலையின் மடிப்புக்குள் பட்டு இழை போட்டுக் கட்டியிருந்தது. கடைசி மடிப்பையும் திறந்தபோது உள்ளே ஒரு கூட்டுப்புழு கிடந்தது. பெருவிரல் நீளம் இருக்கும். மண்ணிறம். உடம்பு முழுக்க வெள்ளைத் தூள், திருநீறு பூசினது போல. எங்கள் எல்லோரையும் குலை நடுங்க வைத்த ஆள் அதுதான்! அவர் தொட்டதும் இன்னொரு முறை உடம்பை ஆட்டிச் சத்தம் போட்டது. "பாருங்கோ, எவ்வளவு ரோசம்" என்றார் அவர். "வண்ணத்துப்பூச்சி ஆகப்போறவர். அதுக்கிடையிலை எழுப்பினால் கோவம் வராதோ?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. மேளக்காரர் பக்கமிருந்துதான் கேட்டது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காருக்குள் இருந்து மாப்பிள்ளை தலைப்பாகையோடு எட்டிப் பார்த்து, "அம்மா, வெறுங்கூடோ, உள்ளை ஆள் இருக்கோ?" என்று ஆவலாகக் கேட்டார். கலியாண மாப்பிள்ளை கேட்கிற கேள்வியா அது? "ஆள் இருக்கு, நீ இரு" என்றார் தாய்.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. காரிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். மாப்பிள்ளையின் தாய் அந்த இலையை அப்படியே தாழ்த்தி அவருக்குக் காட்டினார். "பாருங்கோ மச்சாள். நீறு பூசிக்கொண்டு வாசலிலை வந்து கிடக்கு. இதுக்கு மேலை என்ன சகுனம் வேணும்? கொட்டினது வெறும் தண்ணிதானே. திரும்பக் கரைச்சால் போச்சு."

மாமி குனிந்து பார்த்தார். எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. பிறகு, "ஓம், நீறு மாதிரித்தான் கிடக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, "சரி சரி, கெதியா வேறை தட்டு எடுங்கோ, நேரம் போகுது" என்றார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி மஞ்சளுக்கு, ஒருத்தி சுண்ணாம்புக்கு, ஒருத்தி வாழைப்பழத்துக்கு. பழத்தைக் கேட்டுக் குசினிக்குள் ஓடியவளுக்கு, கேற்றடியில் குலையோடு வாழை நிற்பது நினைவில்லை. அது பச்சைக் குலை என்பது வேறு விஷயம்.

புதுத் தட்டு வந்தது. திரி எரிந்தது. தம்பியின் மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மற்றப் பக்கம் பிடிக்க யாரென்று பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் தாயைத் தேடினேன். ஆளைக் காணவில்லை. பார்த்தால், அவர் வானை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தார். வந்த வேலை முடிந்தது, இனித் தன் இடத்துக்குப் போக வேண்டும் என்பது போல, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு.

எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, வாங்கோ. ஆலாத்தி நீங்கள்தான் எடுக்கோணும்."

அவர் கையை உருவப் பார்த்தார். "சும்மா இரும் தங்கச்சி. நான் முன்னுக்கு வரப்படாது. உமக்குத் தெரியாதே?"

"கொஞ்சம் முதல் ஆர் அக்கா முன்னுக்கு வந்தது? நாங்கள் எல்லாரும் பின்னாலை ஓடேக்கை?"

நான் விடவில்லை, இழுத்துக்கொண்டு வந்தேன். மாமி வாயைத் திறக்கப் போனார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். தொலைந்து போயிருந்த என் பழைய கோபம் அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்திருந்தது. என்ன நினைத்தாரோ, மாமி வாயை மூடிக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அது போதும்.

தம்பியின் மனைவி தட்டை என்னிடம் தந்தாள். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். தட்டில் தண்ணீர் அலைந்தது. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கி மணலில் கால் வைத்தார். தாயைப் பார்த்தார். ஆலாத்தி சுற்றி முடிகிற வரைக்கும் கண்ணை அவர்மேலிருந்து எடுக்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓமப் புகை என்றார். ஓமம் வளர்ப்பது பந்தலுக்குள், கேற்றடியில் ஏது புகை? நானும் புகை என்றுதான் சொல்லிக்கொண்டு துடைத்தேன்.

நான் திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் கம்பியில் அந்த மருதாணிக் கை மறுபடியும் இருந்தது.

கலியாணம் நன்றாக நடந்தது. எல்லாம் முடிந்த பிறகு நானே கத்தியை எடுத்துக் கொடுத்து, அந்த இலைத்துண்டை வெட்டச் சொன்னேன். தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான். அதை ஒரு ஜாம் போத்தலுக்குள் வைத்து, மேலே துணி கட்டி, வெயில் படாத இடத்தில் வைக்கும்படி மருமகன் சொல்லியிருந்தார். சாமியறை மாடத்தில் வைத்தேன். காலையில் விளக்கேற்றப் போகும்போது ஒரு தட்டுத் தட்டுவேன். சத்தம் போடும். இருக்கிறாயா, சரி, இரு என்று சொல்லிவிட்டு வருவேன்.

மணமக்கள் விருந்துக்கு வந்த அன்று சம்பந்தியக்காவும் கூட வந்திருந்தார். பின்னேரம் குசினியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோதுதான், எங்கள் வீட்டுப் பிள்ளை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார். யுத்தச் சண்டை நாட்களில் அவருடைய கணவர் இறந்துபோனார். இடம்பெயர்ந்து திரிந்து மறுபடி வீட்டுக்கு வந்தபோது, மகன் வாய் பேசுவதை நிறுத்தியிருந்தான். சாப்பிடுவான், படுப்பான், அவ்வளவுதான். ஒருநாள் கிணற்றடி வாழையில் ஒரு சுருண்ட இலையைப் பிரித்துப் பார்த்திருக்கிறான். உள்ளே ஒரு மயிர்க்கொட்டிப் புழு. உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக நீள நூல் தொங்குமாம், தொட்டால் மெழுகுபோல் கையில் ஒட்டுமாம். அதை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான். தாய் தினமும் புது இலை வெட்டிக் கொடுத்திருக்கிறார். இலையின் ஓரத்தைக் கடித்து, உருட்டி, நூலால் கட்டித் தானே கூடு செய்துகொள்வதை இரண்டு பேரும் இருந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு அது கூட்டுப்புழு ஆகிச் சும்மா கிடந்தது. செத்துப் போச்சோ என்று மகன் விரலால் தொட்டான்.

"அது சத்தம் போட்டுது" என்றார் அக்கா. "அவன் சிரிச்சான். 'அம்மா, கோவிக்குது' எண்டான். எத்தினை மாசத்துக்குப் பிறகு என்ரை பிள்ளை கதைச்சது!"

நாங்கள் பாம்பு என்று ஓடிய சத்தம், அவருக்கு மகனைத் திருப்பிக் கொடுத்த சத்தம். குலுங்கினது என்று நான் சொன்னதுமே அவருக்கு அது விளங்கியிருக்கிறது.

அன்று பொழுது சாய்கிற நேரம், "அம்மா, கெதியா வாங்கோ!" என்று மகள் சாமியறையிலிருந்து கூப்பிட்டாள். போத்தலுக்குள் கூடு வெடித்திருந்தது. வெளியே வந்தது கசங்கின ஈரத் துணி மாதிரி இருந்தது. இதுதானா என்று எனக்கு ஏமாற்றம். பொறுங்கள் மாமி என்றார் மருமகன். கொஞ்சம் கொஞ்சமாகச் செட்டை விரிந்தது. சாக்லேட் நிறம், நடுவிலே வெளிச்சம் ஊடுருவுகிற மஞ்சள் புள்ளிகள். கண் இரண்டும் நல்ல சிவப்பு. பகலில் பூவுக்குப் பூ போகிற வண்ணத்துப்பூச்சி இல்லையாம் இது. பொழுதுபட்ட பிறகுதான் பறக்குமாம். ஸ்கிப்பர் என்கிற இனமாம், துள்ளித் துள்ளிப் பறப்பதால் அந்தப் பெயராம். ஏதாவது ஒரு வாழையையோ தென்னையையோ தேடிப்போய் இலையில் முட்டை வைத்தால், திரும்ப முதலில் இருந்து தொடங்கும்.

மருமகன் அளவை வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம், நிலம் அளக்கிற சங்கிலியைக் கீழே வைத்த கையோடு வாழையிலையைப் பார்க்கிறவர். கொடிகாமத்தில் தென்னையில் கண்டாராம், வவுனியாப் பக்கம் கண்டாராம், தீவுப்பக்கம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம். இந்தியாவிலும் அதற்கு அப்பால் கிழக்கே உள்ள நாடுகளிலும் இருக்கிறதாம். எங்கள் கோப்பாயில் இது இருப்பது எங்களுக்குத் தெரியாதே என்றேன். "எல்லா இடமும் இருக்கு மாமி. நாங்கள்தான் இலையைப் பிரிச்சுப் பாக்கிறேல்லை" என்றார்.

மகள் போத்தலை முற்றத்துக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்து பிடித்தாள். அது ஏறி வந்து அவள் விரலில் இருந்தது. ராசியில்லாதவள் என்று யாரோ சொன்னதை நம்பி, அடுத்தவர் வீட்டு வாசல் மிதிக்கப் பயந்த என் பிள்ளை, அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விர்ரென்று ஒரு சத்தம். எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. அவள் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தாள். அன்றிரவு என்னிடம் சொன்னாள்: "அம்மா, நீங்கள் கத்தினது கேட்டது. இந்த முறையும் முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன். பிறகு ஒரு பொம்பிளையின்ரை சிரிப்புக் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டாப் பிறகுதான் திரும்பி ஜன்னலுக்கு வந்தனான்." அது தன் மாமியாரின் சிரிப்பு என்று அப்போது அவளுக்குத் தெரியாதாம்.

இந்த ஆவணியில் என் தம்பியின் மகளுக்குக் கலியாணம். வாழை பார்க்கப் போனபோது, சுருண்ட இலை ஏதும் இருக்கிறதா என்று தம்பியே ஒவ்வொன்றாகத் தட்டிக் காது வைத்துப் பார்த்தான். ஆலாத்தி எடுக்க யாரைக் கூப்பிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, தட்டைத் தவறவிட்ட அதே தம்பி மனைவிதான் சொன்னாள், "கரவெட்டி அக்கா வந்தால் நல்லது." ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

நான் இன்னமும் பல்லி சொன்னால் நிற்கிறவள்தான், அவ்வளவு சுலபத்தில் அது போகாது. ஆனால் கலியாண வீடுகளில் ஓரமாக, பின்னால் ஒதுங்கி நிற்கிற ஒரு பெண்ணைக் கண்டால் இப்போது என் கால் தானாக அவரிடம் போகிறது. என் மகளின் வாழ்க்கை கேற்றடியில் வந்து நின்று திரும்பிப் போக இருந்தபோது அதைப் பிடித்து நிறுத்திய கையைத்தானே, மங்கலம் இல்லாத கை என்று நாங்கள் பின் வானில் இருத்தி வைத்திருந்தோம்.